நவம்பர் ஒன்றாம் தேதி டீ போடாத வீடு

மகளைப் பெண் பார்க்க நவம்பர் ஒன்றாம் தேதி வருகிறோம் என்று மாப்பிள்ளையின் அம்மா போனில் சொன்னபோது, நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அடுப்பை அணைத்தேன். வேறு எந்தத் தேதியைச் சொல்லியிருந்தாலும் எப்படியாவது சமாளித்திருப்பேன். வருஷத்தில் என் வீட்டுக்காரருக்கு ஆகவே ஆகாத நாள் அது.

அவருக்கு ஆகாத நாள்கள் வேறு நிறைய உண்டு. எங்களுக்குப் பழனிசெட்டிபட்டியில் பைப்புக் கடை. பி.வி.சி. பைப், சொட்டுநீர்ச் சாமான், வால்வு, வாஷர் எல்லாம் கிடைக்கும். முன்புறம் கடை, பின்புறம் வீடு. கடை வாசலில் ஒரு கரும்பலகை தொங்கும். மற்ற கடைக்காரர்கள் அதில் புதுச் சரக்கு வந்திருக்கிறது என்று எழுதுவார்கள். இவர் காலையில் ஷட்டரைத் தூக்கியதும் சாக்பீஸை எடுத்து, 'வரலாற்றில் இன்று' என்று தலைப்புப் போட்டு, உலகத்தில் எங்கேயோ எப்போதோ அதே தேதியில் நடந்ததை எழுதுவார். மனிதன் நிலாவில் கால் வைத்தது, பெர்லினில் சுவர் விழுந்தது, தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனது. திராட்சைத் தோட்டத்துக்காரர்கள் எல்போ வாங்க வந்த இடத்தில் நின்று அதையும் படித்துவிட்டுப் போவார்கள். ஒரு டிசம்பர் மூன்றாம் தேதி போபால் விஷவாயுவைப் பற்றி எழுதப்போய், பக்கத்துப் பூச்சிமருந்துக் கடைக்காரர் தன்னைத்தான் குத்திக்காட்டுகிறார் என்று சண்டைக்கு வந்துவிட்டார். அப்புறம் வெகுநாள் இரண்டு கடைக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

பலகையில் எழுதுவதோடு விட்டிருந்தால் எனக்கு ஒரு குறையும் இல்லை. வீட்டுக்குள்ளும் அதையே கொண்டுவந்தார். ஆகஸ்ட் ஆறாம் தேதி புது வண்டி எடுக்கக் கூடாது, ஹிரோஷிமா. ஏப்ரல் பதின்மூன்றில் காதுகுத்து வேண்டாம், ஜாலியன்வாலாபாக். அக்டோபர் பத்து என்றால் மட்டும் முகம் மலர்ந்துவிடும். பெரியாற்று அணையைத் திறந்து இந்தப் பள்ளத்தாக்குக்குத் தண்ணீர் திருப்பிய நாள் அது என்பார். கடை திறந்ததும், வீட்டுக்குப் பால் காய்ச்சியதும் அந்தத் தேதியில்தான். அன்று அடைமழை. வந்த சனமெல்லாம் தொப்பலாக நனைந்து என்னை மனசுக்குள் வைதுகொண்டே சாப்பிட்டுப் போனார்கள். ஊரே ராகுகாலம், எமகண்டம் பார்த்தால் இவருக்கு மட்டும் தனிப் பஞ்சாங்கம்.

நவம்பர் ஒன்று அப்படிப் படித்துத் தெரிந்துகொண்ட தேதி இல்லை. 1956-ல் மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போன நாள் அது. என் மாமனார் அப்போது பீர்மேட்டுப் பக்கம் ஓர் எஸ்டேட் பஜாரில் மளிகைக் கடை வைத்திருந்தார். அந்த மலை தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று கூட்டம் போட்டவர், கொடி பிடித்தவர். சேராது என்று ஆனதும் போலீசை விட்டு அவரை மலையிலிருந்து விரட்டிவிட்டார்கள் என்பது எங்கள் வீட்டுக் கதை. கட்டிய துணியோடு இறங்கி வந்தவர், கம்பம் ஊரில் மூட்டை தூக்கி, பிறகு சிறுகச் சிறுகத் தலையெடுத்தார்.

அந்தத் தேதியில் மலையில் விளைந்த எதுவும் எங்கள் வீட்டு அடுப்பில் ஏறக் கூடாது என்று வழக்கம் வைத்தவர் அவர்தான். தேயிலை, காபி, மிளகு, ஏலக்காய் எதுவும் பொழுது அடையும்வரை கிடையாது. கடைப் பலகையும் அன்று காலியாகத் தொங்கும். சுக்குத் தண்ணீர் மட்டும் உண்டு. சுக்கும் மலையில்தான் விளைகிறது என்று நான் இதுவரை வாய் திறக்கவில்லை. திறந்தால் அதுவும் போய்விடும். கல்யாணமான புதிதில் தெரியாமல் டீ போட்டுக் கொடுத்துவிட்டேன். இவர் டம்ளரைக் கொண்டுபோய்க் கொல்லையில் ஊற்றிவிட்டு, அன்று முழுக்க என் முகத்தைப் பார்க்கவில்லை.

மலைக்கும் போனதில்லை. குமுளி பஸ் விடிந்ததிலிருந்து எங்கள் கடை வாசல் வழியாகத்தான் போகிறது. ஒரு நாளும் கை காட்டி ஏறியதில்லை. சபரிமலைக்குப் போக வேண்டியிருக்குமே என்று மாலைகூடப் போட்டதில்லை. பழனியோடு சரி.

இப்படிப்பட்ட மனுஷனுக்கு மகளாகப் பிறந்தவள், தேனியில் கூடப் படித்த பையனை விரும்பினாள். இவள் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறாள். அவனும் அதே படிப்புத்தான், குவைத்தில் இருக்கிறான். சாதகம் பொருந்தியது, சனம் ஒத்துவந்தது. ஊர்தான் வண்டிப்பெரியாறு. எஸ்டேட் வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். அப்பா இல்லை, அம்மா அங்கன்வாடி டீச்சர். இவர் விசாரிப்போம் என்று சொன்னதே எனக்கு அதிசயமாக இருந்தது. மகள் என்றால் அவருக்கு உயிர்.

போனை வைத்ததும் மகள் அடுப்படிக்கு வந்தாள்.

"அம்மா, அவனுக்கு லீவு முடியப்போகுதாம். ஒண்ணாந்தேதிய விட்டா வேற நாள் இல்லைன்னு அவுக அம்மா ஒத்தக் கால்ல நிக்கிறாகளாம். கோட்டயத்துல ஒரு எடமும் பாத்து வச்சிருக்காக. இந்த வாட்டி நடக்கலேன்னா நடக்காது. நடக்கலேன்னா நான் இன்னொருத்தன் முன்னால தட்டத் தூக்கிட்டு வந்து நிக்க மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

அவள் அப்பனுக்குப் பிறந்தவள். சொன்னால் சொன்னதுதான்.

இவரிடம் சொல்ல மத்தியானம் கடையில் கூட்டம் குறையும்வரை காத்திருந்தேன். கேட்டுவிட்டு, கையில் இருந்த பைப்பின் முனையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொழுது எறங்குன பெறகு வரச் சொல்லு."

"பொழுது எறங்குனா மலையில பனி எறங்கும். அவுக திரும்பி ஏற வேணாமா?"

"அரசாங்கமே அந்த நாளத் தமிழ்நாடு நாளுன்னு கொண்டாடச் சொல்லிட்டு, பெறகு வேண்டாம்னு ஜூலைக்கு மாத்திக்கிருச்சு. அவனுகளுக்கே தெரியுது, அது நமக்கு நல்ல நாள் இல்லன்னு. இவுகளுக்குத் தெரியல."

"உங்க மகளுக்கும்தான் தெரியல. என்ன செய்ய?"

கையில் இருந்த பைப்பைக் கட்டோடு சேர்த்து வைத்தார். "வரட்டும். வழக்கத்த மாத்த மாட்டேன். அன்னைக்கு மேல அவுக கேரளா பொறந்த நாளுன்னு கொண்டாடிக்கிட்டு இருப்பாக. இங்கன வந்து ஒரு வார்த்த வாழ்த்து கீழ்த்துன்னு சொன்னாகன்னா, நான் மனுசனா இருக்க மாட்டேன். பாத்துக்க."

நான் பார்த்துக்கொண்டேன். ஏலக்காய் போடாமல் கேசரி கிண்டினேன். காபிக்குப் பதில் பன்னீர் திராட்சை ஜூஸ் பிழிந்து வைத்தேன். மலையிலிருந்து எதுவும் கொண்டுவர வேண்டாம் என்று பையனிடம் சொல்லச் சொல்லி மகளிடம் படித்துப் படித்துச் சொன்னேன். சொல்லிவிட்டதாகவும், அவன் சரி என்றதாகவும் சொன்னாள். பையன்கள் சரி என்று சொல்வதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா. அன்று காலை எழுந்ததிலிருந்து வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

ஜீப் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் பையனின் தாய்மாமன். பின்னால் பையன். முன் சீட்டிலிருந்து இறங்கிய அம்மாவைப் பார்த்ததும் எனக்குப் பகீர் என்றது. வெள்ளைச் சேலை. பெண் பார்க்க வருகிறவர் யாராவது வெள்ளை கட்டிக்கொண்டு வருவார்களா என்று முதலில் தோன்றியது. அப்புறம்தான் பொன் கரையைப் பார்த்தேன். கேரளத்தில் அன்று பள்ளிக்கூடம், ஆபீஸ் எல்லா இடத்திலும் பெண்கள் கட்டுகிற சேலை அது. இவரும் பார்த்துவிட்டார். தாடை இறுகியது. ஆனாலும் கையெடுத்துக் கும்பிட்டு, "வாங்கம்மா" என்றார்.

அந்த அம்மா கூடத்தில் உட்கார்ந்ததும் ஒரு துணிப் பையை எடுத்து, நான் பூவும் பழமும் வைத்திருந்த தட்டில் வைத்தார். வைக்கும்போதே வாசம் வந்துவிட்டது. ஏலக்காய். கூடவே மிளகு ஒரு பொட்டலம், எஸ்டேட் தேயிலை ஒரு பொட்டலம். பையன் என்னைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்தான். சொல்லவில்லை, படுபாவி. நான் தட்டை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது அந்த அம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

"மதினி, ஒரு கட்டன் சாயா கெடைக்குமா? மலை எறங்குனதுல தல சுத்துது."

"ஜூஸ் இருக்கு மதினி. பன்னீர் திராட்சை, காலையில பறிச்சது."

"இனிப்பு வேணாம். குமட்டும். பால்கூட வேணாம், வெறும் சாயா போதும்."

நான் இவரைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. அடுத்த அறைக் கதவுக்குப் பின்னால் மகளின் வளையல் சத்தம் நின்றுவிட்டது. தேயிலை தீர்ந்துபோச்சு என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கொண்டுவந்த பொட்டலமே உள்ளே இருக்கிறதே.

இவர்தான் பேசினார். குரலை உயர்த்தவில்லை.

"இன்னைக்கு எங்க வீட்டுல டீ போடுறதில்லம்மா. தப்பா நெனைக்காதீக. எங்க அப்பா காலத்து வழக்கம். உங்க மலை எங்க கைய விட்டுப் போன நாளு. அவரு அந்த மலையில இருந்தவரு. போராடுனவரு. வெரட்டிவிட்டாக."

அந்த அம்மா நெற்றியிலிருந்து கையை எடுத்தார். முகத்தில் வாட்டம் போன இடம் தெரியவில்லை.

"யாரு வெரட்டுனது?"

"யாரு வெரட்டுவாக. போலீசுதான்."

"அண்ணே, எங்க அப்பாவும் அந்தக் கொடியப் புடிச்சவருதான். ஒங்க அப்பா கூடவேதான் புடிச்சாரு. ஒங்க அப்பா எறங்கிட்டாரு. எங்க அப்பா நின்னுட்டாரு. போலீஸ் ஸ்டேஷனுக்கும் எஸ்டேட் லயத்து வீட்டுக்கும் நடையா நடந்தவரு எங்க அப்பாதான். நீங்க இங்கன ஒவ்வொரு வருசமும் டீ குடிக்காம இருந்தீக. நாங்க அங்கன மழையில நனைஞ்சுக்கிட்டு அந்தக் கொழுந்தக் கிள்ளிக்கிட்டு இருந்தோம். எங்க அம்மா கிள்ளுச்சு. படிக்க அனுப்புற வரைக்கும் நானும் கிள்ளுனேன்."

இவர் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கடைப் பக்கம் போய்விட்டார். விருந்தாளியை உட்கார வைத்துவிட்டு அவர் எழுந்து போய் நான் பார்த்ததே இல்லை. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். கதவிடுக்கில் மகள் தலையில் வைத்திருந்த பூவை உருவிக் கையில் சுருட்டிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது.

"ஏன் மதினி, இதச் சொல்லிட்டுப் போகத்தான் இன்னைக்கு வந்தீகளா? எம் மக என்ன பாவம் செஞ்சா?"

"ஆமா மதினி. இதுக்காகத்தான் இன்னைக்கு வந்தேன்."

பையன் திடுக்கிட்டு, "அம்மா" என்றான்.

"நீ சும்மா இரு. இவன் லீவு இன்னும் முடியல மதினி. தேதிய எங்க அப்பா சொன்னாரு. பொண்ணு வீட்டு வெவரம் கேட்டப்பவே அவருக்குத் தெரிஞ்சுபோச்சு, யாரு பேத்தின்னு. அதே நாள்ல போ, போயி அந்த வீட்டு ஆள மேல வரச் சொல்லு, எங்கிட்ட வந்து பேசட்டும், பேசாம இந்தச் சம்மந்தம் வேண்டாம்னாரு. நானும் வெள்ளச் சேலையோட வேணும்னுதான் வந்தேன். ஒங்க வீட்டுல என்ன செய்றீகன்னு பாக்கணும்னு இருந்துச்சு."

கோபமாகத்தான் இருந்தது எனக்கு. ஆனால் அந்த அம்மா மறைக்காமல் சொன்னது பிடித்தும் இருந்தது.

கடைக்குப் போனேன். இவர் பைப்புக் கட்டுகளுக்கு நடுவில், எழுதாத பலகையின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உங்க அப்பாவத் தெரிஞ்சவரு மேல உசுரோட இருக்காராம். உங்கள இன்னைக்கே வரச் சொல்றாரு. வந்தா கல்யாணம். வராட்டி இல்ல."

"எங்க அப்பா எறங்குன மலைக்கு, இன்னைக்கு, நான் ஏறணுமா?"

"ஏறணும்."

"அவுக சொல்றது நெசமா இருந்தா?"

அப்போதுதான் அவருக்கு என்ன பயம் என்று எனக்குப் புரிந்தது. கோபத்தில் எழுந்து போனார் என்று நினைத்திருந்தேன். பாவமாக இருந்தது. இருந்தாலும் விடவில்லை.

"நெசமா இருந்தா இருந்துட்டுப் போகுது. உங்க வழக்கம் உங்க அப்பாவோட. எம் பொண்ணு என்னோட. நீங்க வராட்டி நான் போயிப் பேசிக்கிறேன்."

அவர் பதில் சொல்வதற்குள் மகள் கூடத்திலிருந்து வந்தாள். பட்டுச் சேலை, கழுத்தில் செயின், தலையில் பூ இல்லை. எங்கள் இருவரையும் தாண்டி நடந்து, வாசலில் செருப்பை மாட்டி, தெருவே பார்க்க ஜீப்பின் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். பேசி முடிக்காத சம்மந்தத்தில் ஒரு பெண் மாப்பிள்ளை வீட்டு வண்டியில் ஏறுவது எங்கள் பக்கம் எங்கேயும் நடக்காது. எதிர்த்த டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். பூச்சிமருந்துக் கடைக்காரர் வெளியே வந்தே விட்டார். எனக்கு மானம் போனது. ஆனால் அவளை இறங்கு என்று சொல்ல நாக்கு எழவில்லை.

கூடத்தில் இருந்தவர்களும் வெளியே வந்ததும் இவர் ஷட்டரை இழுத்துப் பூட்டினார். பூட்டிவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். நாங்களும் ஏறினோம்.

ஜீப் கூடலூரைத் தாண்டியது. லோயர் கேம்ப்பில் மலை ஏறத் தொடங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. வளைவுக்கு வளைவு பனி. எதிரே வருகிற லாரியின் விளக்கு பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிந்தது. மேலிருந்து ஒரு கல் உருண்டு ரோட்டில் கிடந்தது. தாய்மாமன் இறங்கி அதைத் தள்ளிவிட்டு வந்தார். நான் தாலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மின் நிலையத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகும் அந்தப் பெரிய இரும்புக் குழாய்கள் ரோட்டுக்குப் பக்கத்தில் வந்தன. காலமெல்லாம் பைப்பு விற்றவர், அவற்றைக் கிட்டத்தில் பார்த்தது அன்றுதான். "இது எத்தன இஞ்சு டயா இருக்கும்?" என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை.

குமுளியில் அலங்கார வளைவு கட்டியிருந்தார்கள். வெள்ளை உடுத்திய பிள்ளைகள் குடையைப் பிடித்துக்கொண்டு கூட்டமாகப் போனார்கள். இவர் தலையைக் குனிந்துகொண்டார். பையன் மெதுவாக, "மாமா, கண்ணாடிய ஏத்திவிடவா?" என்றான். இவர் வேண்டாம் என்று தலையசைத்தார்.

வண்டிப்பெரியாறு தாண்டி, தேயிலைச் சரிவுக்கு நடுவே சின்ன ஓட்டு வீடு. முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் கம்பளிக் குல்லா போட்ட ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். தொண்ணூறை நெருங்குகிற வயசு இருக்கும். இவர் வாசலிலேயே நின்றார். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை. பெரியவர் இவரை வெகுநேரம் பார்த்தார்.

"ஒங்க அப்பன் மூஞ்சிதான். உள்ள வா."

இவர் போய் எதிரில் நின்றார். உட்காரவில்லை.

"வெரட்டுனாகன்னு சொன்னானாக்கும்?"

"ஆமாங்கய்யா."

"யாரும் வெரட்டல. ஒண்ணாந்தேதி காலையில போயிக் கடையத் தட்டுறேன், பூட்டியிருக்கு. பைய விசாரிச்சா, விடியுமுன்னாலயே எறங்கிட்டான்னாக. எனக்கு அண்ணன் முறை அவன். ரெண்டு பேரும் ஒரே வட்டில்ல தின்னவக. போலீசு வந்து, அவன் எங்கடான்னு என்னயக் கேட்டாக. தெரியாதுன்னேன். நெசமாவே தெரியாது. அவுக நம்பல."

காலை லேசாக நீட்டிக் காட்டினார். முழங்காலுக்குக் கீழே எலும்பு வளைந்து கூடியிருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இவர் திருப்பவில்லை.

"எறங்குனது தப்பில்ல. புள்ளகுட்டிக்காரன், பயந்திருப்பான். நானும் பயந்தேன். அவனப் பத்தி நான் யாருகிட்டயும் தப்பாப் பேசுனதில்ல, கேட்டுப்பாரு. ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லிட்டு எறங்கியிருக்கலாம். நான் என்ன புடிச்சா வச்சிருக்கப் போறேன்? இம்புட்டு வருசமும் எனக்கு அது ஒண்ணுதான்."

இவர் நின்ற இடத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"சாகுற வரைக்கும் அவன் எம் பேச்ச எடுக்கவே இல்லியா?" என்று பெரியவர் கேட்டார். கேட்ட குரலில் கோபம் இல்லை. ஆசைதான் இருந்தது.

இவர் பொய் சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"எடுக்கலங்கய்யா. ஆனா இந்தத் தேதியில மட்டும் டீ குடிக்க மாட்டாரு. எங்களையும் குடிக்க விடமாட்டாரு. ஏன்னு கேட்டா மலை போயிருச்சும்பாரு."

பெரியவர் குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு குனிந்தார். "காலையில என் டம்ளர்லதான் அவன் டீ குடிப்பான்" என்றார். மாமனார் எதை நினைத்து அந்த வழக்கத்தை வைத்தார் என்று எனக்கு அப்போது சந்தேகம் வந்தது. கேட்பதற்கு அவர் இல்லை. எனக்கும் அழுகை வந்துவிட்டது, அடக்கவில்லை.

பெரியவர் என் மகளைக் கூப்பிட்டார். கைப்பிடித்துப் பார்த்தார். "மலை ஒத்துக்கிருமா ஆத்தா ஒனக்கு?" என்றார். "ஒத்துக்கிரும் தாத்தா" என்றாள் அவள். "தையில வச்சுக்கங்க" என்று தன் மகளைப் பார்த்துச் சொன்னார். "தேதியெல்லாம் எங்கிட்டக் கேக்காதீக." என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பையனின் அம்மா என் கையை அழுத்தினார். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் முழுக்கப் போகவில்லை, ஆனாலும் பதிலுக்கு அழுத்தினேன்.

இருட்டுவதற்குள் இறங்க வேண்டும் என்று தாய்மாமன் அவசரப்படுத்தினார். எல்லாரும் ஜீப்புக்கு வந்துவிட்டோம். இவரும் ஏறி உட்கார்ந்துவிட்டார். வண்டியைக் கிளப்பியதும் ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்லி இறங்கினார். மழையில் தலையில் துண்டுகூடப் போடாமல் வீட்டுக்குள் போனார். கதவு திறந்தே இருந்ததால் எனக்குத் தெரிந்தது. பெரியவர் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நாங்க எறங்குறோம் சித்தப்பா" என்றார்.